யூட்டாவில் யானை

ஷார்ஜா ரோலாவில் அந்த வருஷம் மூன்று இடங்களில் வரிசை நின்றது. துபாய் பஸ் ஏறுகிற இடத்தில் ஒன்று. ஊருக்குப் பணம் அனுப்புகிற கடை வாசலில் ஒன்று. மூன்றாவது, கால ஆலோசகர் நாகலிங்கத்தின் ஃபிளாட் வாசலில். முதல் இரண்டில் தள்ளுமுள்ளு உண்டு, சண்டை உண்டு. மூன்றாவதில் மட்டும் எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

'கால ஆலோசகர்' என்பது அவரே வைத்துக்கொண்ட பட்டம். இந்த நாட்டில் ஜோசியம் சொல்வது குற்றம். ஆகவே அவர் ஜோசியம் சொல்லவில்லை. ஜாதகத்தைப் பார்த்து எதிர்காலத்தைச் சொன்னார், அவ்வளவுதான்.

2008 அக்டோபர் அது. துபாயில் பாதி எழும்பிய கட்டடங்களின் தலையில் கிரேன்கள் அசையாமல் நிற்கத் தொடங்கியிருந்தன. யாருக்கு எப்போது சீட்டுக் கிழியும் என்று தெரியவில்லை. மேனேஜரைக் கேட்டால் "கடவுளுக்குத்தான் தெரியும்" என்றார். கடவுளோடு நேரடித் தொடர்பு இருப்பதாகச் சொல்லிக்கொண்ட ஆள் ரோலாவில் ஒருவர்தான் இருந்தார். அதனால் அவரிடம் போனார்கள்.

போனார்கள் என்று எழுதிவிட்டேன். போனோம் என்று திருத்திக்கொள்கிறேன். ஒரு கட்டுமானக் கம்பெனியில் ஸ்டோர் கீப்பர் நான். சிமெண்டு மூட்டை ஒன்று குறைந்தால் லாரிக்காரனை அழவைக்கிற ஆள். நானும் ஐம்பது திர்ஹம் கொடுத்து மணிக்கட்டில் ஒரு மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டேன். அதற்கு விசாக் கயிறு என்று பெயர். கட்டியிருக்கும்வரை விசா ரத்தாகாது என்றார்கள். சாயம் மட்டும் போனது. இரண்டு வெள்ளைச் சட்டைகள் பாழ்.

நாகலிங்கத்துக்கு ஒரு தொழில் சங்கடம் இருந்தது. உள்ளூர் ஆளுக்குச் சொல்லும் பலன் பொய்த்தால் அவன் திரும்பி வந்து சட்டையைப் பிடிப்பான். அமெரிக்கா திரும்பி வராது. இதை எப்போது கண்டுபிடித்தாரோ, அன்றே அவர் பெரிய ஆளாகிவிட்டார்.

ரோலாவில் நாங்கள் வழக்கமாகச் சாப்பிடும் உணவகத்துக்கு மாடியில் ஒரு ஹால் உண்டு. பிறந்தநாள், பிரிவு உபசாரம் எல்லாம் அங்கேதான். அக்டோபர் நடுவில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை நாகலிங்கம் அங்கே மைக் பிடித்தார்.

"அமெரிக்க ஜனாதிபதி யாருன்னு டிவிக்காரனே சொல்லிடறான். அது பெரிய விஷயமில்ல. ஐம்பது மாநிலத்துல ஒரே ஒரு மாநிலத்தைச் சொல்லி, அங்க யாருக்கு ஓட்டு மழையா கொட்டும்னு தேர்தலுக்கு முன்னாடியே எழுதி ஒட்டி வைக்கிறேன். அந்த மாநிலத்தோட பேரு யூட்டா."

யூட்டா எங்கே இருக்கிறது என்று அங்கே ஒருவருக்கும் தெரியாது. தெரியாத ஊரைப் பற்றி ஒருவர் இவ்வளவு உறுதியாகப் பேசுகிறார் என்றால் அவருக்கு ஏதோ தெரிந்திருக்க வேண்டும் என்று எல்லோரும் முடிவு செய்தார்கள்.

அமெரிக்காவில் ஒரு கட்சிக்கு யானை சின்னம், மற்றதுக்குக் கழுதை. யானை விநாயகருடைய முகம் என்றும் கழுதை மூதேவியின் வாகனம் என்றும் நாகலிங்கம் விளக்கினார். இரண்டில் எது என்பதை ஒரு தாளில் எழுதி, கவருக்குள் வைத்து, அரக்கு உருக்கி முத்திரை போட்டார். ஐந்து பேர் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள். விநாயகரை விட்டுவிட்டு மூதேவியை எழுதியிருக்க மாட்டார் என்பதில் ஒருவருக்கும் சந்தேகமில்லை. கவர் கீழே கல்லாவுக்குப் பக்கத்தில் இனிப்புகள் அடுக்கிய கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கப்பட்டது. அதற்கு இடப்பக்கம் மைசூர்பாகு, வலப்பக்கம் பாதுஷா.

கையெழுத்துப் போட்ட ஐவரில் முதலாமவர் கல்யாணசுந்தரம். என் கம்பெனியில் குவான்டிட்டி சர்வேயர். ஒரு தூணுக்கு எத்தனை கன மீட்டர் கான்கிரீட் என்பதைப் புள்ளிக்குப் பிறகு மூன்று இலக்கம்வரை சொல்வார். என் கட்டடத்தில்தான் நான்காவது மாடியில் மனைவி ஜெயபாரதியோடு குடியிருந்தார். படி இறங்கும்போது அவர் எனக்கு விளக்கினார்.

"ஒரு மாநிலத்தைக் கணிக்கிறது எவ்வளவு கஷ்டம்னு யோசிச்சுப் பாருங்க. நம்ம ஊரையே எடுத்துக்குங்க. போன தடவை ஒருத்தரைத் தலையில தூக்கி வச்சோம். அடுத்த தடவை அவரையே தூக்கிக் கீழ போட்டோம். எவனாலயாவது சொல்ல முடியுதா? இவரு அமெரிக்காவுல போய்ச் சொல்றாரு!"

நான் தலையாட்டினேன். எங்களுக்குத் தெரிந்த மாநிலம் ஒன்றுதான். அது ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை புரண்டு படுக்கும். ஆகவே உலகத்தில் உள்ள மாநிலமெல்லாம் அப்படியேதான் புரளும் என்று நினைத்தோம். இவ்வளவு பெரிய கூட்டத்தில் ஒருவருக்கும் வேறு மாதிரி தோன்றவில்லை.

இதுவரை சிரிக்கலாம். இனிமேல் வருவது சிரிக்கிற விஷயமில்லை.

ஜெயபாரதிக்கு மார்பில் ஒரு கட்டி. ஊசி போட்டு எடுத்துச் சோதித்துப் பார்த்த டாக்டர், தள்ளிப்போடக் கூடாது, உடனே எடுக்க வேண்டும் என்று நவம்பர் பதினொன்றாம் தேதி ஆபரேஷனுக்கு நாள் கொடுத்திருந்தார். நாகலிங்கம் ஜாதகத்தைப் புரட்டிவிட்டு, தை பிறக்கும்வரை அந்த உடம்பில் கத்தி படக் கூடாது என்றார். ஒரு செப்புத் தகடு கொடுத்தார். தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்கினால் கட்டி கரைந்துவிடுமாம். குவைத்தில் அப்பாசியாவில் ஒரு பெண்மணிக்கு இதே மாதிரி கட்டி இப்படித்தான் கரைந்ததாம்.

ஜெயபாரதி முட்டாள் இல்லை. கட்டடத்துப் பிள்ளைகளுக்கு அவர்தான் கணக்கு டியூஷன் எடுத்தார். ஆனால் அவருக்குப் பயமாக இருந்தது. உடம்பில் கத்தி வைக்க நாள் குறித்த பிறகு, வேண்டாம் என்று ஒருவர் சொன்னால் யாருக்குத்தான் காதில் தேனாகப் பாயாது? நாகலிங்கம் விற்றது தகடு இல்லை. இரண்டு மாதத் தவணை. பயந்தவர்களுக்கு அதைவிட இனிப்பான சரக்கு இல்லை என்பது அவருக்குத் தெரியும். இதை எழுதும்போதும் எனக்கு அந்த ஆளின்மேல் கோபம் வருகிறது.

நவம்பர் மூன்றாம் தேதி, திங்கட்கிழமை. கல்யாணசுந்தரமும் நானும் டைப்பிங் சென்டருக்குப் போனோம். எனக்கு விசா புதுப்பிக்கும் படிவம் அடிக்க வேண்டியிருந்தது. கயிறு கட்டியிருந்தாலும் படிவம் கொடுக்கத்தான் வேண்டும் என்று இமிகிரேஷனில் சொல்லிவிட்டார்கள்.

டைப்பிங் சென்டரை நடத்துபவர் ஜெய்னுலாப்தீன் பாய். கீழக்கரைக்காரர். இருபத்திரண்டு வருஷமாக ரோலாவில் உட்கார்ந்து அரபியில் படிவம் அடிக்கிறார். எதிரே யார் உட்கார்ந்தாலும் அவர் முதலில் கேட்பது ஒன்றுதான். "பழைய பேப்பர் எங்கே?" விசா புதுப்பிக்க வந்தால் பழைய விசா. வாடகை ஒப்பந்தம் என்றால் பழைய ஒப்பந்தம். கல்யாணச் சான்றிதழை மொழிபெயர்க்க வந்த ஒரு புது மாப்பிள்ளையிடமும் பழக்க தோஷத்தில் அதையே கேட்டு அடிவாங்கப் பார்த்தார் என்று ரோலாவில் சொல்வார்கள்.

"பாய், ஆஸ்பத்திரிக்கு இங்கிலீஷ்ல ஒரு லெட்டர்" என்றார் கல்யாணசுந்தரம். "என் வைஃபுக்குப் பதினொண்ணாம் தேதி ஆபரேஷன். அதை ஜனவரி கடைசிக்கு மாத்தச் சொல்லணும்."

"டாக்டர் மாத்திக்கலாம்னு சொன்னாரா?"

"இல்ல. நாகலிங்கம் ஐயா சொன்னாரு."

"அவரு எந்த ஆஸ்பத்திரி?"

கல்யாணசுந்தரம் பொறுமையாக எல்லாவற்றையும் சொன்னார். கட்டி, தகடு, அப்பாசியா பெண்மணி, யூட்டா, அரக்கு முத்திரை. "நாளைக்குத் தேர்தல். புதன்கிழமை யூட்டா ரிசல்ட் வரட்டும் பாய். அப்புறம் நீங்களே ஐயாவைத் தேடிப் போவீங்க."

"யூட்டாவோட பழைய பேப்பர் பார்த்தீங்களா?"

"என்னது?"

"போன தடவை அந்த ஊர்க்காரங்க யாருக்குப் போட்டாங்க? அதுக்கு முந்தின தடவை?"

"போன தடவை எதுக்கு பாய்? தேர்தல் இந்தத் தடவைதானே?"

ஜெய்னுலாப்தீன் பேனாவை மூடி வைத்தார். பிறகு, "பிரிண்டர்ல மை இல்ல. சனிக்கிழமை வாங்க, லெட்டரை அடிச்சுத் தர்றேன்" என்றார். அவர் அதைச் சொல்லும்போது பின்னால் பிரிண்டர் என்னுடைய படிவத்தைத் துப்பிக்கொண்டிருந்தது. கல்யாணசுந்தரம் அதைக் கவனிக்கவில்லை. யூட்டாவைத் தவிர அவர் எதையும் கவனிக்கிற நிலையில் இல்லை.

அவர் போனதும் பாய் கடையைப் பையனிடம்கூட ஒப்படைக்காமல் அப்படியே பூட்டிவிட்டு என்னைப் பக்கத்து இன்டர்நெட் கஃபேக்கு இழுத்துப் போனார். ஒரு மணி நேரத்துக்கு இரண்டு திர்ஹம். எங்களுக்குப் பத்து நிமிஷம் போதுமாயிருந்தது.

யூட்டா, 2004: யானை. நூற்றுக்கு எழுபத்தொரு ஓட்டு. 2000: யானை. 96: யானை. 92: யானை. 1968 வரை பின்னாலேயே போனோம். பத்துத் தேர்தல். பத்திலும் யானை. நான் பிறப்பதற்கு முன்னாலிருந்து அந்த ஊர்க்காரர்கள் வேறு எதற்கும் குத்தியதில்லை.

"ஒரு தடவைகூட மாத்திப் போடல. இப்படியும் ஒரு ஊரா பாய்?" என்றேன்.

"நம்ம ஊரு மாதிரியே எல்லா ஊரும் இருக்கணுமா என்ன? இதே மாதிரி இன்னும் யாரு இருக்காங்கன்னு பாருங்க."

இருந்தார்கள். வயோமிங், ஐடஹோ, ஒக்லஹோமா, கான்சாஸ், அலாஸ்கா, இண்டியானா. எல்லாம் நாற்பது வருஷமாக யானை. யூட்டாவோடு சேர்த்து ஏழு. பாய் ஏழு பெயரையும் ஒரு தாளில் எழுதி, 'இங்கெல்லாம் யானை' என்று போட்டு, கவரில் வைத்து ஒட்டினார். நேராக உணவகத்துக்குப் போய் முதலாளியிடம் நீட்டினார்.

"ஒட்டின இடத்துல இன்னைய தேதி போட்டு உங்க கடை ஸ்டாம்ப் அடிச்சு, இதையும் அந்தக் கண்ணாடிப் பெட்டியில வைங்க."

முதலாளி சிரித்தார். "என்ன பாய், நீங்களும் ஆரம்பிச்சிட்டீங்களா?"

"இருக்கட்டும். பாதுஷாவுக்கு இடைஞ்சலா இருக்காது."

நான் என் மணிக்கட்டைப் பார்த்தேன். கயிற்றை அவிழ்க்கவில்லை. எல்லாம் கண்ணால் பார்த்த பிறகும் அவிழ்க்கவில்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். யாருக்குத் தெரியும், ஒருவேளை யூட்டா பொய்யாகவும் கயிறு மெய்யாகவும் இருந்துவிட்டால்?

புதன்கிழமை காலை, நாங்கள் கம்பெனி பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. அமெரிக்கா முழுக்கக் கழுதை அலை. யானை ஊர் ஊராக மண்ணைக் கவ்வியது. ஆனால் யூட்டாவில்? யானை! நூற்றுக்கு அறுபத்திரண்டு ஓட்டு. பஸ் அதிர்ந்தது. நாடே ஒரு பக்கம் சாயும்போது எதிர்ப்பக்கம் சாய்கிற ஒரு மாநிலத்தை மனிதர் குறிபார்த்து அடித்துவிட்டார் என்றார்கள். மற்ற மாநிலங்களை யாரும் பார்க்கவில்லை. கல்யாணசுந்தரம் பஸ்ஸிலிருந்தே மனைவிக்குப் போன் போட்டார்.

"பாரதி, யானைதான்! பார்த்தியா? தகட்டை ஒழுங்கா வச்சிட்டுத் தூங்கு. ஆபரேஷனெல்லாம் ஒண்ணும் வேணாம்."

அவர் குரல் உடைந்தது. மூன்று மாதமாக அந்த மனிதரும் பயத்தில்தான் செத்துக்கொண்டிருந்தார் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

வெள்ளிக்கிழமை மாலை கவர் பிரிக்கும் விழா. துபாய்க் கராமாவிலிருந்தெல்லாம் ஆள் வந்திருந்தார்கள். உட்கார இடமில்லை. ஆலோசனைக் கட்டணம் அன்றிலிருந்து இருநூறு திர்ஹம் என்று வாசலிலேயே எழுதி ஒட்டியிருந்தது. நாகலிங்கம் ஜரிகை வேட்டியில் வந்தார். கண்ணாடிப் பெட்டியிலிருந்து கவர் வந்தது. கல்யாணசுந்தரம் முத்திரையை உடைத்துப் படித்தார்.

"யூட்டாவில் யானைக்கு அமோக வெற்றி!"

கைதட்டல் அடங்க இரண்டு நிமிஷம் ஆயிற்று. பலர் அழுதார்கள். அந்த ஆரவாரத்துக்கு நடுவில் பின்வரிசையில் ஜெய்னுலாப்தீன் எழுந்து நின்றார்.

"முதலாளி, அந்தப் பெட்டியில இன்னொரு கவர் இருக்குமே. அதையும் பிரிச்சிருவோம்."

முதலாளி எடுத்து வந்தார். தேதியையும் ஸ்டாம்பையும் எல்லோருக்கும் காட்டிவிட்டுப் படித்தார். யூட்டா, யானை. வயோமிங், யானை. ஐடஹோ, யானை. ஒவ்வொரு பெயரையும் யாரோ ஒருவர் செய்தித்தாளோடு ஒப்பிட்டு, "ஆமா" என்றார். இப்படி ஆறு ஆமா. ஏழாவது இண்டியானா. செய்தித்தாளைப் பார்த்தவர், "இல்ல, இங்க கழுதை" என்றார்.

நாகலிங்கத்தின் முகத்தில் உயிர் வந்தது. "பார்த்தீங்களா! பாய் சொன்னது தப்பிப் போச்சு. என் கணக்கு தப்பவே தப்பாது!"

"தப்பிப் போச்சுதான்" என்றார் ஜெய்னுலாப்தீன் அமைதியாக. "ஏழுல ஆறு சரி, ஒண்ணு தப்பு. தப்பையும் உங்க முன்னாடியே பிரிச்சுக் காட்டிட்டேன். எனக்கு எந்தக் கிரகமும் வந்து சொல்லல. இன்டர்நெட் கஃபேயில ரெண்டு திர்ஹம் கொடுத்துப் பழைய பேப்பரைப் பார்த்தேன். யூட்டாக்காரங்க நாற்பது வருஷமா யானையைத் தவிர எதுக்கும் போட்டதில்ல. நாளைக்குச் சூரியன் உதிக்கும்னு எழுதி அரக்கு வச்சா அது ஜோசியமா?"

ஹாலில் முணுமுணுப்பு எழுந்தது. "நாற்பது வருஷமா ஒரே கட்சியா? அது எப்படி?" என்று என் பக்கத்தில் இருந்தவர் நிஜமாகவே கோபப்பட்டார். அவருக்கு யூட்டாக்காரர்கள்மேல்தான் கோபம்.

"என் சக்தியைச் சந்தேகப்படறீங்களா?" என்றார் நாகலிங்கம்.

"பட்டுட்டுப் போறேன். ஒரு சின்னப் பரீட்சை. மிசௌரின்னு ஒரு மாநிலம். மூணு நாளாச்சு, இன்னும் ரிசல்ட் சொல்லல. ரெண்டு பக்கமும் அவ்வளவு நெருக்கம். ஓட்டெல்லாம் போட்டு முடிச்சாச்சு ஐயா. அது எதிர்காலம்கூட இல்ல. நடந்து முடிஞ்ச கதை, பெட்டிக்குள்ள கிடக்கு. என்ன இருக்குன்னு சொல்லுங்க. யானையா, கழுதையா?"

நாகலிங்கம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கண்ணை மூடினார். திறந்தார்.

"இங்க இப்போ மணி எட்டே முக்கால். மிசௌரியில பகல் பத்தே முக்கால். வெள்ளிக்கிழமை. சரியான ராகு காலம். நான் வாயைத் திறக்கக் கூடாது."

பின்னால் நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பத்து மணி நேர வித்தியாசம், வெள்ளிக்கிழமை ராகு காலம், எல்லாம் சரியாகவே இருந்தது. அந்த மனிதர் சொந்தமாகக் கணித்துச் சரியாக வந்தது எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

"வாயைத் திறக்க வேணாம்" என்றார் பாய். "எழுதிக் கொடுங்க. பேனாவுக்கு ராகு காலம் கிடையாதே."

நாகலிங்கம் கை கழுவிவிட்டு வருவதாகச் சொல்லிப் போனார். போகும்போது செல்போனையும் கொண்டு போனார். கை கழுவப் பன்னிரண்டு நிமிஷம் பிடித்தது. திரும்பி வந்து ஒரு தாளில் எதையோ எழுதி மடித்து ஒட்டினார். முதலாளி ஸ்டாம்ப் அடித்து, மறுபடியும் கண்ணாடிப் பெட்டி.

"பாய், உங்களுக்கு மிசௌரி தெரியுமா?" என்று யாரோ கத்தினார்கள்.

"தெரியாது. எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. நான் தெரியாதுன்னு சொல்றேன், அவரு சொல்லல. அவ்வளவுதான் வித்தியாசம்."

அப்போது கல்யாணசுந்தரம் எழுந்தார். படித்த மனிதர். நியாயமாகப் பேச வேண்டும் என்று நினைத்தார். "சரி, ரெண்டு பேரும் சண்டை போடாதீங்க. மிசௌரி ரிசல்ட் வரட்டும். அதுல ஐயா சொன்னது சரின்னா ஆபரேஷனைத் தள்ளி வச்சுக்குவோம். தப்புன்னா பண்ணிக்குவோம்."

பெண்கள் பக்கத்தில் ஒரு நாற்காலி நகர்ந்தது. ஜெயபாரதி எழுந்து நின்றார். அவ்வளவு பேருக்கு முன்னால் அவர் பேசி யாரும் கேட்டதில்லை.

"ஏங்க, அவங்க எண்ணி முடிக்கிற வரைக்கும் என் கட்டி வளராம உக்காந்திருக்குமா?"

எந்தக் கட்டி என்று தெரியாதவர்களுக்கும் அந்தக் குரலிலேயே எல்லாம் தெரிந்துவிட்டது.

"ஐயா, நானும் பாய் மாதிரி ஒண்ணு கேட்டுக்கறேன்" என்றார் நாகலிங்கத்தைப் பார்த்து. "யூட்டாவுக்குப் பழைய பேப்பர் இருக்கு. என் கட்டிக்கு எங்க இருக்கு? அப்பாசியாவுல ஒரு அம்மாவுக்கு இதே மாதிரி கரைஞ்சுதுன்னு சொன்னீங்களே. அவங்க பேர் என்ன?"

"அதெல்லாம் ரகசியம்மா. வெளியில சொல்லக் கூடாது."

"பேர் வேணாம். நம்பர் மட்டும் கொடுங்க. நான் இங்கேயிருந்தே பேசறேன். உடம்பு எப்படி இருக்கும்மான்னு ஒரு வார்த்தை கேட்டுட்டு வச்சிடறேன்."

"நம்பர்... அவங்க வீடு மாறிட்டாங்க."

"அவங்க வேணாம். கத்தி வேணாம்னு நீங்க சொல்லி, இன்னைக்கு நல்லா இருக்கிற வேற யாராவது ஒருத்தர். ஒரே ஒருத்தர்."

நாகலிங்கம் வேட்டி நுனியைச் சரிசெய்தார். எதிரே இருந்த மைக்கைப் பார்த்தார். முந்நூறு பேர் அவருடைய வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த வாயிலிருந்து அரசியல், கிரகம், யானை, கழுதை எல்லாம் வந்திருக்கின்றன. ஒரு தொலைபேசி எண் மட்டும் வரவில்லை.

ஜெயபாரதி கைப்பையைத் திறந்து செப்புத் தகட்டை எடுத்து மேசைமேல் வைத்தார். "பாய், அந்த லெட்டரை அடிக்க வேணாம்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். கல்யாணசுந்தரம் ஒரு நிமிஷம் மேடையையும் படியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மனைவியின் செருப்பையும் சேர்த்து எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினார்.

பதினொன்றாம் தேதி ஆபரேஷன் நடந்தது. கட்டி கெட்ட கட்டிதான், ஆனால் பரவவில்லை என்றார் டாக்டர். இரண்டு மாதம் கழித்து வந்திருந்தால் இப்படிச் சொல்லியிருக்க முடியுமா என்று தெரியாது என்றும் சொன்னார். கல்யாணசுந்தரம் ஆஸ்பத்திரி வராந்தாவில் என் தோளில் சாய்ந்து அழுதார். நானும் அழுதேன். அன்றைக்குத்தான் கயிற்றை அறுத்தேன்.

அந்த வார இறுதியில் டைப்பிங் சென்டருக்கு வந்த ஆளைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. நாகலிங்கம். ஜரிகை வேட்டி இல்லை, பேன்ட் சட்டை. விசிட் விசா முடிகிறதாம். பக்கத்தில் ஈரானுக்குச் சொந்தமான கிஷ் தீவுக்கு விமானத்தில் போய், புது விசா வந்ததும் திரும்புவதுதான் அப்போதெல்லாம் வழக்கம்.

"பாய்," என்றார் தாழ்ந்த குரலில், "புது ரூல் வந்திருக்காமே. போனா திரும்பி வர விசா கிடைக்குமா?"

ரோலாவில் பாதிப் பேருக்கு விசா பலன் சொன்னவர் கேட்கிறார். ஜெய்னுலாப்தீன் சிரிக்கவில்லை. கையை நீட்டினார்.

"பழைய பேப்பரைக் கொடுங்க. பார்த்துச் சொல்றேன்."

மனிதர் கிஷ்ஷிலிருந்து திரும்பவே இல்லை. அப்பாசியாவில் இருக்கிறார் என்று கேள்வி. அங்கே ரோலாப் பெண்மணி ஒருவருக்குக் கட்டி கரைந்த கதையைச் சொல்லிக்கொண்டிருப்பார் என்று நினைக்கிறேன்.

மிசௌரி முடிவு வர இரண்டு வாரத்துக்குமேல் ஆயிற்று. கிட்டத்தட்ட இருபத்தொன்பது லட்சம் ஓட்டில் நாலாயிரத்துக்கும் குறைவான வித்தியாசம். யானை. முதலாளி கவரைப் பிரித்தார். 'மிசௌரியில் கழுதைக்கு அமோக வெற்றி' என்று இருந்தது.

"மிசௌரியோட பழைய பேப்பரை நானும் பார்த்தேன்" என்றார் ஜெய்னுலாப்தீன். "நூறு வருஷத்துல ஒரே ஒரு தடவை தவிர, நாட்டுல யாரு ஜெயிக்கிறாங்களோ அவங்க பக்கம்தான் நின்னிருக்கு. கை கழுவப் போன இடத்துல அவருக்கும் யாரோ அதைத்தான் சொல்லியிருப்பாங்க. பாவம், இந்தத் தடவை மாறிப் போச்சு."

இத்தோடு கதையை முடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் மறுநாள் காலை டைப்பிங் சென்டர் வாசலில் நீண்ட வரிசை நின்றது. செருப்பைக் கழற்றியிருந்தார்கள். கையைக் கட்டியிருந்தார்கள். படிவம் எதுவும் கையில் இல்லை. முன்னால் நின்ற ஒருவர் பணிவாகக் குனிந்து கேட்டார்.

"ஆறு மாநிலம் சொன்ன பாய் நீங்கதானே? என் வேலை நிக்குமா, போகுமா? பார்த்துச் சொல்லுங்க."

ஜெய்னுலாப்தீன் கடை ஷட்டரைப் பாதியில் இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார். நான் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டேன். என் மணிக்கட்டில் மஞ்சள் கறை இன்னும் போகவில்லை.

ஐந்து வருஷம் சரியாக ஆளாத தலைவரை அடுத்த தேர்தலில் வீட்டுக்கு அனுப்பத் தெரிந்த ஜனங்கள் நாம். ஜோசியர் என்று வந்துவிட்டால் மட்டும், எத்தனை தடவை ஏமாந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு அதே சின்னத்தில் குத்துகிறோம். யூட்டாக்காரர்களைப் பார்த்துச் சிரிக்குமுன் நம் பழைய பேப்பரை ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.